ஃபால்ஸ் சீலிங் வேண்டாம், சார்!

கல்யாணத்துக்குப் பெண் தேடும் பருவத்தில் ஆண்பிள்ளைக்கு இரண்டு விஷயம் நடக்கும். தலையில் முடி குறையும். வீட்டுக்குச் செலவு கூடும். எனக்கு இரண்டும் ஒரே வருஷத்தில் நடந்தது.

ஆரம்பித்து வைத்தவர் தரகர். எங்கள் பாம்பன் வீட்டுக்கு வந்தார். அம்மா கொடுத்த காபியை ஒரே மூச்சில் குடித்தார். அப்புறம் தலையைத் தூக்கி விட்டத்தைப் பார்த்தார்.

"தம்பி, ஜாதகம் அருமை. பையன் மெட்ராஸ்ல இருக்கான், பத்திரிகையில எழுதுறான், அதையும் எப்படியாச்சும் சமாளிச்சிரலாம். ஆனா வீடு..."

"வீட்டுக்கு என்னங்க?"

"பொண்ணு வீட்டுல ஃபால்ஸ் சீலிங் போட்டிருக்காக தம்பி. ராத்திரில பூராம் நீலமா எரியும். தை மாசம் இங்க வர்றேங்குறாக. அதுக்குள்ள ஏதாச்சும் பார்த்துப் பண்ணுங்க!"

எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது ஒரு வீடல்ல, இரண்டு அரை வீடு. முன் பாதி தாத்தா கட்டியது. முருகைக் கல் சுவர். அதாவது பவளப் பாறைக் கல். சுண்ணாம்புக் காரை, பனங்கை, மேலே நாட்டு ஓடு, வாசலில் திண்ணை. பின் பாதி 2005-ல் அப்பா கட்டியது. ஒரு தார்சு ரூம், ஒட்டினாற்போல் சமையலறை. 'ஓட்டு வீட்டுக்காரர்' என்று இருந்த அப்பாவை 'தார்சு வீட்டுக்காரர்' ஆக்கிய ரூம் அது. அதைப் பற்றி யார் கேட்டாலும் அப்பா குரலை ஒரு கட்டை ஏற்றித்தான் பேசுவார்.

நான் பி.காம். படித்தவன். செலவு என்றால் முதலில் மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்க வேண்டும் என்று தெரியும். ஆனால் முதல் இடத்திலேயே விழுந்துவிட்டேன்!

மதுரையில் ஒரு ஷோரூம். உள்ளே நுழைந்ததும் ஏ.சி. குளிர், கையில் எலுமிச்சை ஜூஸ். டை கட்டிய பையன் கம்ப்யூட்டரில் எங்கள் வீட்டு ஹாலைக் காட்டினான். அசந்துபோனேன். எங்கள் ஹால்தான். ஆனால் மேலே ஜிப்சம் போர்டில் ஃபால்ஸ் சீலிங், அதற்குள் ஒளிந்துகொண்டு நீல விளக்கு, சுவர் நிறைய டி.வி. யூனிட், சோபாவில் யாரோ இரண்டு வெள்ளைக்காரர்கள் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். திண்ணையைக் காணோம்.

"திண்ணை எங்க தம்பி?"

"அது ஃபோயர் ஆயிடுச்சு சார்!"

மொத்தம் ஆறு லட்சத்து நாற்பதாயிரம், வரி தனி. என்னிடம் இருந்தது சுளையாக ஆறு லட்சம். ஐந்து வருஷச் சேமிப்பு. அட்வான்ஸ் கொடுக்க செக் புத்தகத்தைக்கூட எடுத்துவிட்டேன். நல்லவேளை, பேனா எழுதவில்லை. எழுத்தாளன் பேனா அவசரத்துக்கு எழுதாது என்பது எவ்வளவு பெரிய வரம்!

அன்று ராத்திரி நண்பன் ஒருவனிடம் பெருமையாகப் போனில் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

"மடையா, கடலுக்குப் பக்கத்துல வீடு. அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னால ஒரு நல்ல டிசைனரைக் கூட்டிட்டுப் போய்க் காட்டு. எங்க வீட்டைச் செஞ்ச மேடம் ஒருத்தங்க இருக்காங்க. வந்து பார்க்க ஐயாயிரம்."

"வந்து பார்க்கவே ஐயாயிரமா? டாக்டரே முந்நூறுதாண்டா வாங்குறார்!"

"டாக்டர் உன்னைத்தான் பார்ப்பார். இவங்க உன் வீட்டைப் பார்ப்பாங்க. ரெண்டுல எது விலை ஜாஸ்தி?"

பதில் சொல்ல முடியவில்லை.

★ ★ ★

அந்த மேடம் ஒரு சனிக்கிழமை மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். நாற்பது வயதிருக்கும். பருத்திப் புடவை, தோளில் ஜோல்னா பை. லேப்டாப்பை எடுப்பார், கலர் கலராகப் படம் காட்டுவார் என்று நாங்கள் குடும்பத்தோடு காத்திருந்தோம். பையிலிருந்து அவர் எடுத்தது ஒரு சின்னச் சுத்தியல், ஒரு டார்ச், ஒரு டேப். அவ்வளவுதான். எனக்கு ஐயாயிரம் ரூபாய் வயிற்றில் புரண்டது.

முன் பாதிக்குப் போனார். தாத்தாவின் சுவரைக் கையால் தடவினார். போன வருஷம் நான் ஆசையாக அடித்த பிளாஸ்டிக் எமல்ஷன் பெயின்ட் அப்பளம் மாதிரி பொரிந்து நின்றது.

"யார் சார் இதுக்கு இந்த பெயின்ட் அடிச்சது?"

"அது... பெயின்டர்தான் சொன்னார்."

"இந்தக் கல்லு கடல்ல பொறந்தது. உள்ளே உப்பும் ஈரமும் இருந்துகிட்டே இருக்கும். சுண்ணாம்பு பூசியிருந்தா ஈரம் மூச்சு விட்டு வெளியே போயிடும். நீங்க பிளாஸ்டிக்கால வாயைப் பொத்திட்டீங்க. அது வேற வழியில்லாம பெயின்டைத் தள்ளிக்கிட்டு வருது. இதைச் சுரண்டிட்டு சுண்ணாம்பு அடிங்க. உப்பு பூத்து உதிர்ந்தாலும் உதிர்றது சுண்ணாம்புதான், கல்லு தப்பிச்சிடும். சிமென்ட் மட்டும் பூசிடாதீங்க."

அப்புறம் சமையலறை. ஷோரூம்காரன் இரண்டரை லட்சம் போட்டிருந்த இடம். மேடம் அம்மாவை மேடை முன்னால் நிற்கச் சொன்னார். அம்மா வழக்கம்போல் மூலையில் கிடந்த மணையைக் காலால் இழுத்துப் போட்டு, அதன் மேல் ஏறி நின்றார்.

"எதுக்கும்மா மணை?"

"மேடை உசரம்மா. ஏறி நின்னாத்தான் சட்டிக்குள்ள என்ன இருக்குன்னு தெரியுது."

இருபது வருஷம்! அம்மா இருபது வருஷமாக மணையில் ஏறி நின்றுதான் எங்களுக்கு மீன் குழம்பு வைத்திருக்கிறார். நானும் இருபது வருஷமாகச் சாப்பிட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட அந்த மணையை நான் பார்த்ததில்லை.

மேடம் டேப்பை எடுத்து அம்மாவின் முழங்கையிலிருந்து தரைக்கு அளந்தார். "வேலை செய்யற மேடை முழங்கைக்கு நாலு, அஞ்சு இஞ்ச் கீழே இருக்கணும். அவ்வளவுதான் சார் கிச்சன் சாஸ்திரம். அம்மாவுக்கு முப்பது இஞ்ச் போதும். இது முப்பத்தஞ்சு. இன்னொண்ணு, பல்பு முதுகுப் பக்கம் இருக்கு. அம்மா நிழல்லேயே அம்மா வெங்காயம் நறுக்குறாங்க. மேடைக்கு நேர் மேலே ஒரு லைட் மாத்துங்க. மாடுலர் கிச்சன் அப்புறம் பார்க்கலாம்."

அம்மாவுக்கு மேடத்தை உடனே பிடித்துப் போயிற்று. "தாயி, மத்தியானம் சாப்பிட்டுத்தான் போகணும்" என்று சொல்லிவிட்டார்.

கடைசியாக அப்பாவின் தார்சு ரூம்.

ஃபால்ஸ் சீலிங் விஷயத்தில் வீட்டிலேயே அதிக ஆர்வம் காட்டியவர் அப்பாதான். அது எனக்கு ஆச்சரியமாகவே இருந்தது. பத்து ரூபாய்க்கு வாழைப்பழம் வாங்க மூன்று கடை ஏறி இறங்குகிற மனிதர், "மத்ததெல்லாம் கிடக்கட்டும்ப்பா, என் ரூமுக்கு மட்டும் அந்தச் சீலிங்கை முதல்ல போட்டுரு" என்றார். வயசான காலத்தில் ஆசைப்படுகிறார் என்று நினைத்தேன்.

மேடம் மேலே பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். சிவப்பு ரெட் ஆக்சைடு தரை. அதில் கட்டில் கால் பதிந்த தடம் ஓர் இடத்தில் இல்லை, நாலு இடத்தில் இருந்தது.

"ஐயா, இந்தக் கட்டிலை அடிக்கடி மாத்திப் போடுவீங்களா?"

அப்பா பேசவில்லை. அம்மாதான் சொன்னார்: "கட்டிலை ஊர்வலம் விடுறாரும்மா. கேட்டா காத்து வரலைங்குறாரு."

மேடம் ஸ்டூலில் ஏறினார். சுத்தியலால் தட்டினார். டக்... டக்... டக்... அப்புறம் டொப்! டொப்! உள்ளே பொள்ளலாக ஒரு சத்தம். ரெண்டு விரலால் நெம்பியதும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காரைப் பத்தை அவர் கையோடு வந்துவிட்டது. மேலே கம்பி தெரிந்தது. கம்பி என்பது மரியாதைக்குச் சொல்வது. பிஸ்கட் மாதிரி அடுக்கு அடுக்காக உதிர்ந்தது.

கட்டிலின் பழைய இடங்களுக்கு நேர் மேலே பார்த்தேன். மூன்று இடத்திலும் சிமென்டால் பூசி, வெள்ளையடித்து மறைத்திருந்தது. பூசியது யார் என்று கேட்கவே தேவையில்லை. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"சார், ஃபால்ஸ் சீலிங் வேண்டாம்" என்றார் மேடம். "போட்டா மூணு மாசம் அழகா இருக்கும். மேலேயிருந்து அடுத்த பத்தை விழும்போது ஜிப்சம் போர்டையும் சேர்த்துக்கிட்டு விழும். விழற வரைக்கும் யாருக்கும் தெரியாது. கீழே ஐயா தூங்கிட்டிருப்பார்."

★ ★ ★

இந்தக் கம்பி விஷயத்தை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். உங்களில் பாதிப் பேர் பேங்க் லோன் போட்டு வீடு கட்டப் போகிறவர்கள்.

நல்ல கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிக்காது. சிமென்டின் காரத்தன்மை கம்பியைச் சுற்றி மெல்லிய கவசம் மாதிரி இருந்து காப்பாற்றும். உப்பில் இருக்கும் குளோரைடு உள்ளே போனால் அந்தக் கவசம் உடையும். துரு ஆரம்பிக்கும். துரு என்பது இரும்புக்கு விழும் தொப்பை. அசல் இரும்பைவிட இரண்டிலிருந்து ஆறு மடங்கு இடம் கேட்கும். நமக்குத் தொப்பை விழுந்தால் சட்டைப் பொத்தான் தெறிக்கிறதல்லவா? அதே மாதிரி கம்பிக்குத் தொப்பை விழுந்தால் கான்கிரீட் தெறிக்கிறது!

அதனால்தான் கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே எவ்வளவு கனம் கான்கிரீட் இருக்க வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456, 2000-ம் வருஷப் பதிப்பு, கடலோரக் கட்டடங்களுக்கு 45 மில்லிமீட்டர் வேண்டும் என்கிறது. கலவை குறைந்தது எம்-30. உள்ளூரில் சாதாரண இடத்துக்கு 20 மில்லிமீட்டர் போதும். எங்கள் வீட்டில் மேடம் அளந்தார். 12 இருந்தது.

"வெளியே வாங்க சார், காட்டுறேன்" என்று தெருக்கோடிக்கு அழைத்துப் போனார். கடலுக்குக் குறுக்கே ரயில் பாலம் தெரிந்தது. "இதைவிடப் பெரிய பாடம் எங்க இருக்கு? 1914-ல திறந்த பழைய பாலம். எத்தனை தலைமுறை அதைச் சுரண்டிச் சுரண்டி பெயின்ட் அடிச்சிருக்கும்! கடைசியில 2022 டிசம்பர்ல ரயிலை நிறுத்த வேண்டியதாப் போச்சு. 2025 ஏப்ரல்ல திறந்த புதுப் பாலத்துல துருப்பிடிக்காத கம்பி, பாலிசிலாக்சேன் பூச்சு, வெல்டிங் இணைப்புன்னு பார்த்துப் பார்த்துச் செஞ்சிருக்காங்க. ரயில்வே இந்தக் காத்துக்கு இவ்வளவு பயப்படுது. நீங்க டி.வி. யூனிட்டுக்கு பார்ட்டிகிள் போர்டு போடுறேங்குறீங்க!"

சாயங்காலம் தனுஷ்கோடி பார்க்க வேண்டும் என்றார். கூட்டிப் போனேன். அந்த இடிந்த சர்ச்சை நான் சின்ன வயசிலிருந்து நூறு தடவை பார்த்திருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் கூட்டிப்போய் போட்டோ எடுத்துக் கொடுப்பதுதான் என் வேலை. 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் ஊரே போயிற்று, ரயிலே போயிற்று என்று கதை சொல்வேன். அன்றைக்கு மேடம் அதை வேறு மாதிரி பார்க்க வைத்தார்.

"சுவரைப் பாருங்க. அதே முருகைக் கல்லு. புயலடிச்சு அறுபது வருஷமாச்சு, இன்னும் நிக்குது. போனது எது? கூரை. கடலோரத்துல வீட்டுக்குச் செலவு பண்ணணும்னா முதல் ரூபாயும் கடைசி ரூபாயும் கூரைக்கு. நடுவுல மிஞ்சினா மத்ததுக்கு."

அந்தக் கல் இனிமேல் கிடைக்காது என்பதும் அங்கேதான் உறைத்தது. மன்னார் வளைகுடாவில் ஒரு காலத்தில் பவளப் பாறையை வண்டி வண்டியாக வெட்டினார்கள், வீட்டுக்கும் சுண்ணாம்புக்கும். 21 தீவில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்று இரண்டு தீவு கடலுக்குள் போனதற்கு அந்த வெட்டும் ஒரு காரணம். 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா வந்தது. 2001-ல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு சேர்த்து வைத்துவிட்டார்கள். ஆக, என் தாத்தா சுவரில் இருப்பது கடலிடமிருந்து வாங்கி, திருப்பித் தர முடியாத கடன். ஒழுங்காக வைத்துக்கொள்வது ஒன்றுதான் வட்டி.

திரும்பி வரும் வழியில் மேடம் கடலைக் காட்டி, "அந்தக் கரையில ஜெஃப்ரி பாவான்னு ஒரு ஆர்க்கிடெக்ட் இருந்தார், தெரியுமா?" என்றார். தெரியாது. கொழும்பில் ஒரு சந்தில் வரிசையாக நாலு சின்ன வீடு. 1958-ல் அதில் ஒன்றைப் பிடித்தார். பக்கத்து வீடுகள் காலியாகக் காலியாக ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டார்.  நடுநடுவே வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் திறப்பு விட்டு ஒரே வீடாக்கினார். உலகமெங்கும் கட்டடக் கலை படிக்கிறவர்கள் இன்று அதைப் போய்ப் பார்க்கிறார்கள். "வீட்டைப் புதுசாக்குறதுன்னா பழசை ஒளிச்சு வைக்கிறது இல்லை சார். எது நல்லா இருக்குன்னு கண்டுபிடிச்சு அதுக்கு இடம் விடுறது."

அவ்வளவு தூரம் ஏன்? ராமேஸ்வரம் மசூதித் தெருவில் அப்துல் கலாம் பிறந்து வளர்ந்த பூர்வீக வீடு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சுண்ணாம்புக் கல்லும் செங்கல்லும் வைத்துக் கட்டியது என்று அவரே எழுதியிருக்கிறார். ஃபால்ஸ் சீலிங் இல்லாத வீட்டிலிருந்தும் ராஷ்டிரபதி பவனுக்குப் போகலாம்!

★ ★ ★

அன்று ராத்திரி மேடத்தைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அந்தக் காரைப் பத்தை. அதை என்னத்துக்குத் தூக்கி வந்தார் என்று தெரியவில்லை.

"எவ்வளவு நாளாப்பா விழுது?"

"ஆறு வருஷமா."

"ஏன்ப்பா சொல்லலை?"

ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் பத்தையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கொத்தனார் அப்பவே சொன்னாரு. நல்ல தண்ணி லாரியில வரவழைங்க, இந்தக் கிணத்துத் தண்ணி உப்புன்னாரு. மூணு லாரி ஆகும்ன்னாரு. நாந்தான் கேக்கலை. அடுத்த வருசம் உன்னை மதுரையில காலேஜ்ல சேர்க்கணும். கையில இருந்ததே கொஞ்சம். தண்ணிதானே, காஞ்சு போறதுதானேன்னு கிணத்துலேயே இறைச்சு விட்டுட்டேன்."

எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

"தார்சு வீடு, தார்சு வீடுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். எங்க அப்பா கட்டுன ஓட்டுக்கூரை நல்லா நிக்குது. நான் கட்டுனது உதிருதுன்னு எந்த வாயால சொல்றது?"

அடக்க விலைக் கணக்கு என்று ஒரு பாடம் பி.காம்.-ல் உண்டு. ஒரு பொருளுக்கு நேரடிச் செலவு, மறைமுகச் செலவு என்று பிரித்து எழுத வேண்டும். அதில் எழுபத்தெட்டு மார்க் வாங்கியவன் நான். என் பட்டத்தின் அடக்க விலையில் ஒரு கூரையும் சேர்த்தி என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"சரிப்பா, இன்னைக்கு ராத்திரியிலேருந்து முன் ரூம்ல படுங்க" என்றேன். கட்டிலை நானும் அவருமாகத் தூக்கிக்கொண்டு போனோம். அதன் ஐந்தாவது ஊர்வலம்.

★ ★ ★

மேடம் அனுப்பிய கட்டட இன்ஜினீயர் வந்து பார்த்தார். வெளியிலிருந்து உப்பு ஏறியிருந்தால் கெட்ட இடத்தை உடைத்து, கம்பியைச் சுத்தம் செய்து, பூச்சு அடித்து, பாலிமர் கலவை வைத்துப் பழுது பார்க்கலாம். கலவையிலேயே உப்பு இருந்தால் அந்த வைத்தியம் நிற்காது, ஓர் இடத்தில் ஒட்டுப் போட்டால் பக்கத்து இடத்தில் துரு வேகம் பிடிக்கும் என்றார். தளத்தை இறக்கிவிட வேண்டும், செங்கல் சுவர் இருக்கலாம். தீர்ப்பு முடிந்தது.

இறக்கினோம். அதன் மேல் மறுபடி கான்கிரீட்டா என்று யோசித்தபோது, அப்பாவே "எங்க அப்பா போட்டதையே போடு" என்றார். லாரி பேக்கர் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இங்கிலாந்தில் பிறந்து திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-ல் மறைந்த ஆர்க்கிடெக்ட். 'வீடு கட்டும் சாமான் ஐந்து மைலுக்குள் கிடைக்க வேண்டும்' என்று காந்தி சொன்னதைக் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்தவர். எங்களுக்கு ஐந்து மைலுக்குள் கிடைப்பது பனை. ஆனால் தமிழ்நாட்டில் 2021-லிருந்து பனை மரம் வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும். அதனால் மண்டபம் பக்கம் இடித்த பழைய வீடுகளிலிருந்து வைரம் பாய்ந்த பனங்கைகளாகத் தேடி வாங்கினோம். நானும் அப்பாவும் ஒரு மாசம் அலைந்தோம். காலேஜில் சேர்த்துவிட வந்த நாளுக்கு அப்புறம் நாங்கள் இருவரும் சேர்ந்து அலைந்தது அப்போதுதான்.

மேடம் ஒவ்வொன்றிலும் கறாராக இருந்தார். நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்:

புயல் அடிக்கும் ஊரில் ஓட்டுக்கூரை சும்மா மேலே உட்காரக் கூடாது. பனங்கையைச் சுவரோடு போல்ட் போட்டுக் கட்ட வேண்டும், ஓட்டையும் பிடித்துக் கட்ட வேண்டும். தனுஷ்கோடியை நினைத்துக்கொள்ளுங்கள்.

'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்றால் எல்லாம் ஒன்றல்ல. கடையில் சாதாரணமாகக் கொடுப்பது 304. கடலோரத்துக்கு 316 கேளுங்கள். அதில் மாலிப்டினம் சேர்ந்திருக்கும், உப்பைத் தாங்கும். விலை கூடத்தான். கீல், தாழ்ப்பாள், போல்ட் இவற்றுக்கு மட்டுமாவது வாங்குங்கள்.

அலமாரிக்கு பார்ட்டிகிள் போர்டும் எம்.டி.எஃப்.பும் வேண்டாம். ஈரக் காற்றில் பூரி மாதிரி உப்பும். பிளைவுட்தான் என்றால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளை. முத்திரையைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள், கடைக்காரர் வாயால் சொல்வது முத்திரை அல்ல.

ஜன்னலை அடைத்து ஏ.சி. போடுமுன் காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். எங்கள் அப்பா, "கச்சான் அடிச்சா மணலு வரும், வாடை அடிச்சா சாரல் வரும்" என்று இரண்டே வரியில் சொல்லிவிட்டார். மேடம் அதை எழுதிக்கொண்டு, ஒரு ஜன்னலைச் சின்னதாக்கினார், ஒன்றின் மேல் இறவாரத்தை நீட்டினார். அவ்வளவுதான், மத்தியானத்தில்கூட ஃபேன் பாதி வேகத்தில் ஓடினால் போதும்.

கடைசியாக, வீட்டில் யார் எதன் மேல் ஏறி நிற்கிறார்கள், யார் எதை எங்கே நகர்த்துகிறார்கள் என்று ஒரு நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்து பாருங்கள். டிசைனரே தேவைப்படாது.

மொத்தச் செலவு ஐந்து லட்சத்து எழுபதாயிரம். டி.வி. யூனிட் கிடையாது. நீல விளக்கு கிடையாது. மேடை முப்பது இஞ்ச். மணை பரணுக்குப் போயிற்று.

★ ★ ★

தை மாசம் பெண் வீட்டார் வந்தார்கள். ஒரு வேன் நிறைய. தரகர் உள்ளே நுழைந்ததும் மேலே பார்த்தார். ஓடும் பனங்கையும் தெரிந்தன. முகம் செத்துப்போயிற்று. "சொன்னேனே தம்பி..." என்று காதைக் கடித்தார்.

பெண்ணின் அப்பா அதிகம் பேசவில்லை. டிபன் சாப்பிட்டார். பின் ரூமில் ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா பக்கத்தில் போய் நின்று, குரலை ஒரு கட்டை ஏற்றி, "பழைய பனங்கை, எல்லாம் நானும் மகனும் அலைஞ்சு வாங்குனது. எங்க அப்பா காலத்து வேலை" என்றார். தார்சைப் பற்றிப் பேசும்போது வரும் அதே குரல். ஆறு வருஷமாக அந்தக் குரலை நான் கேட்கவில்லை என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்று போய்விட்டார்கள்.

ஒரு வாரம் கழித்துப் பெண்ணின் அப்பாவிடமிருந்து போன். வீடே சுற்றி நின்றது. அம்மா சாமிக்கு விளக்கேற்றிவிட்டார். நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"தம்பி, ஒரு விசயம் கேக்கணும். நேத்து ராத்திரி எங்க வீட்டுல ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே என்னமோ டொப்புனு விழுந்துச்சு. பிரிச்சுப் பார்க்கவே பயமா இருக்கு. உங்க வீட்டுக்கு வந்த அந்த மேடம் நம்பர் இருக்கா?"

கொடுத்தேன். மேடம் போய்ப் பார்த்துவிட்டார். அங்கே வேலை நடக்கிறது. வாரம் ஒரு தடவை பெண்ணின் அப்பா எங்கள் அப்பாவுக்குப் போன் செய்து பனங்கை எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார். இருவரும் சேர்ந்து மண்டபம்வரை போய்விட்டும் வந்தார்கள்.

என் கல்யாணமா? அது இன்னும் கொட்டேஷன் நிலையில்தான் இருக்கிறது, சார்!